அளவு நாடாவின் மறுநுனி

"அசையாத. அசையாத எண்டா அசையாத. பெருநாளைக்கு உடுப்புத் தைக்கப் போற மாதிரித் துள்ளிறாய்!"

வாயோரத்தில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு லைலா ஒரு கன்றுக்குட்டியை அதட்டுகிறாள். அளவெடுக்கும்போது குண்டூசிக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் அது வாயில் இல்லாவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. நெஞ்சைச் சுற்றிப் போட்ட அளவு நாடாவைக் கன்று நக்கிப் பார்க்கிறது. கயிற்றைப் பிடித்திருக்கும் சொந்தக்காரர், தையற்காரி வீட்டு வாசலில் மாட்டோடு வந்து நிற்கிற வெட்கத்தில், தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாதவர்போல வேலிக்கு மேலால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நெஞ்சளவை ஒருத்தியாகவே எடுத்துவிடலாம். முதுகின் நீளத்துக்கு இரண்டு பேர் வேண்டும். கழுத்தடியில் லைலா, வாலடியில் பக்கத்து வீட்டு நஸ்ரியா. இந்த ஏற்பாட்டில் நஸ்ரியாவுக்கு நெடுநாள் மனக்குறை.

"எப்ப பார்த்தாலும் என்னயே வால் பக்கம் விடுறீங்க ராத்தா."

"முன்பக்கம் கடிக்கும்."

"மாடு கடிக்குமா?"

"உன்ன மாதிரி வாயாடி எண்டாக் கடிக்கும். நுனிய விட்டுடாத."

லைலா எந்த அளவையும் எழுதி வைப்பதில்லை. மூதூரில் அவளிடம் சட்டை தைக்காத பெண்கள் குறைவு. ஒவ்வொருத்தியின் அளவும் மனதில் கிடக்கிறது. மாட்டின் அளவையும் கொண்டுபோய் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே வைத்துவிடுகிறாள். "இவருக்கு நெஞ்சு நம்மட நஸ்ரியாட அளவு. வயிறு மட்டும் அவள் புள்ளத்தாச்சியா இருந்த நேரத்து அளவு," என்று உரக்கச் சொல்ல, நஸ்ரியா வாலை விட்டுவிட்டு முக்காட்டால் முகத்தை மூடிக்கொள்கிறாள். "அல்லாஹ்வே, றோட்டால ஆக்கள் போறாங்க!" கன்றின் சொந்தக்காரர் முன்னிலும் ஊன்றிக் கடலைப் பார்க்கிறார்.

வாசலுக்கு வெளியே, ஜாம் மரத்தடியில், லைலாவின் கணவன் முனாப் தன் த்ரீவீலரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். துடைத்த கண்ணாடியையே திரும்பவும் துடைக்கிறான். சிரிப்புச் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அளவெடுக்க வந்த கன்றோ மாடோ நிற்கும்வரை அவன் வீட்டு வளவுக்குள் வரமாட்டான்.

ஒரு காலத்தில் பட்டிக்கார முனாப் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர் கிடையாது. வாப்பா விட்டுப்போன மாட்டுப் பட்டியை வளர்த்துப் பெருக்கியவன். "ஹோய்ய்... பா, பா, பா," என்று அவன் இழுத்துக் கூப்பிட்டால், வெட்டை வெளியில் சிதறி மேய்கிற மாடெல்லாம் தலையைத் தூக்கி, அவன் நிற்கிற திசைக்கு நடக்கத் தொடங்கும். அந்தச் சத்தம் அவன் வாயிலிருந்து வந்து வருசக்கணக்காகிறது. லைலாவின் பெரிய கவலை அதுதான். சட்டை போடாத மாடுகளைப் பற்றிய கவலைகூட அதற்குப் பிறகுதான்.

"இந்த நுனிய ஒருக்காப் பிடிச்சா என்ன?" என்று தொடக்கத்தில் ஒருநாள் கேட்டிருக்கிறாள்.

"என்ட கை பட்டாச் சரிவராது புள்ள," என்றான். அதோடு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

லைலா தைக்கும் மாட்டுச் சட்டையை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டீர்கள். மேலே உரப்பை, மழைத்தண்ணீர் வழிந்தோட. உள்ளே கம்பளி. அரபு நாட்டுக்கு வேலைக்குப் போன பெண்கள் திரும்பி வரும்போது கொண்டுவருகிற, பென்னம்பெரிய ரோசாப்பூப் போட்ட கம்பளி இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒன்று இருக்கும். வியர்த்து வடிகிற ஊரில் அதைப் போர்த்திக்கொள்ள யாருக்குப் பைத்தியம்? வந்த பையோடு அலுமாரிக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும். லைலா வீடுவீடாகப் போய், "சும்மா கிடந்து பூச்சி தின்னத்தானே வச்சிருக்கீங்க, தாங்க" என்று அதட்டி வாங்கி வெட்டிவிட்டாள். இப்போது மாரி மழைக்குள் மூதூர் வெட்டையில் ஒரு மாடு திரும்பி நின்றால், வயிற்றடியில் ஒரு ரோசா இதழ் தெரியும். நெஞ்சில் ஒரு வார், வயிற்றில் ஒரு வார், வாலுக்கு ஒரு ஓட்டை. வால் ஓட்டையை மறந்து தைத்த முதல் சட்டையை, போட்டுக்கொண்ட மாடே ஆத்திரத்தில் கடித்துத் தின்றுவிட்டது. மாட்டு டெய்லர் என்று அப்போது சிரிக்காத வாய் இல்லை. சிரித்தவர்கள்தான் இன்றைக்குக் கன்றோடு வந்து வாசலில் நிற்கிறார்கள்.

அவளுக்கே குளிர் என்றால் ஆகாது. ஆகஸ்ட் வெயிலில்கூட விசிறியின் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்ப விடமாட்டாள். காலில் மேஸ் எனும் காலுறை, அதற்கு மேல் ரப்பர் செருப்பு. மெசினில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிடுவாள். கால் மட்டும் மிதித்துக்கொண்டே இருக்கும். துணி தீர்ந்துபோன இடத்திலும் ஊசி ஏறி ஏறி இறங்கும். அந்த நேரம் யாராவது வந்தால், "சத்தம் போடாதீங்க, ராத்தா கனவு தைக்கிறா," என்று நஸ்ரியா உதட்டில் விரல் வைப்பாள்.

அந்தக் கனவில் பெரியதொரு சிவப்புத் திரை. யாரும் இழுக்காமலே விலகுகிறது. அந்தப் பக்கத்தில் மேடை இல்லை, வெட்டைதான். சாம்பல் நிறப் பனிப்புகாருக்குள்ளிருந்து மாடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன, ஒன்றும் நனையவில்லை. லைலா ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுப் பார்க்கிறாள். சுடுகிறது. கண் விழித்ததும் அவள் முதலில் செய்வது, விரலை நாக்கில் தொட்டு யன்னலுக்கு வெளியே நீட்டி, காற்று எந்தப் பக்கத்தால் என்று பார்ப்பது. "காத்த நம்ப ஏலாது," என்பாள், பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும்.

அந்தச் சிவப்புத் திரை அவளுடைய கைக்குள் கிடந்த ஒன்றுதான். சில வருசத்துக்கு முந்தைய டிசம்பர் அது. சம்பூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபர் ஞானசேகரம், பரிசளிப்பு விழா மேடைக்குத் திரை தைக்கச் சொல்லி, சிவப்பு வெல்வெட் துணியைச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். மெசினை மூடி, கதிரைகளை மூடி, கூடத்தை நிறைத்துக் கிடந்தது துணி. விளிம்பு மடித்துத் தைப்பது மட்டும் மிச்சம். கடலில் தாழமுக்கம் என்று வானொலியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தாழமுக்கம் வராத டிசம்பர் ஏது? மழை வரும், வெள்ளம் வரும், வந்த வழியே போகும் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

மழையோடு ஒரு குளிரும் வந்தது. இந்தக் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் யாரும் கண்டிராத குளிர். விடிந்தும் விடியாத மாதிரியே இருந்தது. இறங்குதுறையில் நின்று பார்த்தால் எந்நாளும் தெரிகிற அக்கரைத் திருகோணமலை, நங்கூரமிட்ட கப்பல்கள், மலை எல்லாவற்றையும் யாரோ அழிறப்பரால் அழித்துவிட்டிருந்தார்கள். கடலின் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. தலையில் துவாய், தோளில் சாரம், கையில் பிள்ளைகளின் மேஸ் என்று இடம் மாற்றி உடுத்துக்கொண்டு சனம் நடந்தது. பல் கிட்டிக்கொள்ள ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தும் கொண்டார்கள். அலுமாரிகளின் மேலிருந்த ரோசாப்பூக் கம்பளிகள் முதன்முதலாகக் கீழே இறங்கின.

வள்ளக்காரர்கள் இடுப்பளவு கடலுக்குள் இறங்கி நின்றார்கள். "சுடுதண்ணி மாதிரி இருக்கு, இறங்குங்க," என்று கரையில் நடுங்கியவர்களைக் கூப்பிட்டார்கள். காற்று வெட்டுகிறது, கடல் மட்டும் வெதுவெதுப்பாய்க் கிடக்கிறது. வேலை வெட்டி விட்ட மனிதர்கள், புகாருக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும், கழுத்தை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நின்றார்கள். லைலா அதைக் கண்ணால் கண்டவள். என்றாலும் இப்போது நினைத்தால், அது நடந்ததா, தான் மெசினில் தூங்கிக் கண்டதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

முனாப் காலையிலேயே பட்டிக்குப் போயிருந்தான். வயல் விதைத்த மாரியில் மாடுகளை ஊருக்குள் வைத்திருக்க முடியாது. தூரத்து வெட்டைக்கு ஓட்டிப்போய்விடுவார்கள். மழை கூடினால் மாட்டைத் திடலில் ஏற்ற வேண்டும். திடல் என்பது வெட்டைக்கு நடுவே மரமோ பற்றையோ இல்லாமல் மொட்டையாய் நிற்கிற மேடு. இந்தப் பக்கத்தில் மாட்டைக் கொல்வது வெள்ளம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். வெள்ளத்தில் பட்டியைப் பறிகொடுத்தவர்கள் இருந்தார்கள். திடலில் ஏற்றிப் பறிகொடுத்தவர் என்று யாரும் இருக்கவில்லை. முனாப்பின் வாப்பாவும் அப்படித்தான் செய்தார், அவருடைய வாப்பாவும் அப்படித்தான்.

அன்றைக்கு மாடுகள் பற்றைக் காட்டுக்குள் முழங்காலளவு தண்ணீரில் ஒதுங்கி நின்றன. முனாப் திடலில் ஏறி நின்று கூப்பிட்டான். அவன் குரலைத் தட்டாத மாடுகள். கன்றுகளை இடித்துக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து ஏறின. நனைந்த உடம்போடு அவனைச் சுற்றி நின்றன. பற்றைக்குள் காற்று நுழைய வழியில்லை. திடலில் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

பகல் லைலா போனில் கேட்டபோது, "ஒண்டுமில்ல, சும்மா கூதல்தான். மழை விட்டாச் சரி," என்றான்.

கூதல். காலையில் கிணற்றடியில் முதல் வாளித் தண்ணீரை ஊற்றும்போது சொல்கிற சொல் அது. மழை நாளில் இஞ்சி போட்ட பிளேன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செல்லமாய்ச் சொல்கிற சொல். உயிரை எடுக்கிற குளிருக்கு இந்தக் கரையில் வேறு பெயர் இருக்கவில்லை. இருந்த ஒரு சொல்லைத்தான் முனாப் சொன்னான், பாவம்.

பின்னேரம் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கன்றுகளைப் போட்டுக்கொண்டு வந்தான். பெரிய மாடுகள் நின்ற இடத்திலேயே காலை மடித்துச் சரியத் தொடங்கியிருந்தன. தூக்க முடிந்ததைத் தூக்கி வந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. லைலா கதவை அகலத் திறந்தாள். கன்றுகளைக் கூடத்துக்குள் இழுத்தாள். கையில் பட்ட துணியால் எல்லாம் துடைத்தாள். குசினி அடுப்பிலிருந்து நெருப்பை வாரிச் சட்டியில் கொண்டுவந்து வைத்தாள். போத்தல்களில் சுடுதண்ணீர் ஊற்றி வயிற்றுக்கடியில் சொருகினாள். போர்த்துவதற்கு வீட்டில் இருந்தது எதுவும் போதவில்லை. அப்போதுதான் மெசினைப் பார்த்தாள். அடுத்தவர் பொருள் என்று ஒரு கணம் கை தயங்கியது, அவ்வளவுதான். முழுத் திரையையும் இழுத்துக் கன்றுகளின் மேல் போட்டு, தானும் அதற்குள் புகுந்து, இரண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்லும்போது ஒன்றிடம் மட்டும் மூச்சு இருந்தது.

வெட்டையில் கிடந்ததைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. அன்றைக்குத் தலையில் கை வைத்தவன் முனாப் மட்டுமல்ல. மற்றவர்கள் காற்றைத் திட்டினார்கள். முனாப்புக்குக் காற்றின் மேல் கோபம் வரவில்லை. பற்றைக்குள் சில மாடுகள் உயிரோடு நின்றிருந்தன. எத்தனை கூப்பிட்டாலும் வராத, என்றைக்கும் அடங்காத முரட்டு மாடுகள். அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தான்.

"என்ட சொல்லக் கேட்டதெல்லாம் செத்துப்போச்சி லைலா. கேக்காததுதான் தப்பிச்சிது."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை. மிச்ச மாடுகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு த்ரீவீலர் ஓட்டத் தொடங்கினான். தானே தூக்கி வந்த, தப்பிப் பிழைத்த அந்தக் கன்றைக்கூடத் தொட்டதில்லை. வீட்டில் கூதல் என்ற சொல்லும் நின்றுபோனது. மழையில் நனைந்து நடுங்கிக்கொண்டு வருகிற நஸ்ரியா, "கூ..." என்று தொடங்கி, முனாப்பைக் கண்டுவிட்டால், "கூ... கூழ் குடிக்க ஆசையா இருக்கு ராத்தா," என்று மாற்றிவிடுவாள். நல்ல பெண்.

எத்தனை முறை கழுவியும் திரையில் ஒரு சாணிக்கறை போகவில்லை. லைலா பயந்து பயந்து அதை அதிபரின் முன்னால் விரித்து, நடந்ததைச் சொன்னாள். ஞானசேகரம் குனிந்து கறையைத் தடவிப் பார்த்தார். அவருடைய வீட்டுப் பசுவும் அந்தக் காற்றில்தான் போனது.

"கறை பின்பக்கம் வாற மாதிரித் தைச்சுத் தாங்கோ தங்கச்சி. மிச்சத்தை நான் பார்க்கிறன்," என்றார்.

புழுக்கமான நாளில் அந்தப் பள்ளிக்கூட மேடைக்குப் பின்னால் நின்றால் லேசாகத் தொழுவ வாசம் வரும் என்று சொல்கிறார்கள். தப்பிய கன்றுக்கு ஊர் வைத்த பெயர் திரைக்காரி.

அந்தத் திரைக்காரி இந்த டிசம்பரில் தலைக்கன்று ஈன்றாள். நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு செவலைக் கன்று. அதே கிழமை வானொலியில் தாழமுக்கம் என்றார்கள்.

ஒருநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு காற்று திரும்பியது. லைலா மெசினில் தூங்கிக்கொண்டிருந்தாள், காலும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று கால் நின்றது. கண்ணைத் திறந்து விரலை யன்னலுக்கு வெளியே நீட்டினாள். விரலின் வடக்குப் பக்கம் சில்லென்று இழுத்தது. வெளியே ஓடி வந்து பார்த்தால், அக்கரை மங்கிக்கொண்டிருந்தது. மலையின் பாதி ஏற்கனவே இல்லை.

கழுத்தில் நாடா, வாயில் குண்டூசி. வளவின் திறந்த மூலையில், கடற்பக்கம் பார்த்துத் திரைக்காரி கன்றை நக்கிக்கொண்டு நின்றாள். மழைத்தூறல் விழத் தொடங்கியிருந்தது. "நஸ்ரியா!" என்று லைலா கத்தினாள். நஸ்ரியா காலையிலேயே திருகோணமலை நகரத்துக்குப் போய்விட்டாள் என்பது கத்திய பிறகுதான் நினைவுக்கு வந்தது. தைத்து வைத்த சட்டை ஒன்றும் இந்தப் பச்சைக் கன்றுக்கு அளவாகாது. தொளதொளத்த சட்டைக்குள் காற்றுப் புகுந்தால், சட்டையில்லாததைவிடக் கேடு. கழுத்தடியில் நாடாவை நாடியால் அழுத்திக்கொண்டு வாலுக்கு எட்டிப் பார்த்தாள். கன்று நழுவியது. மண்டியிட்டு, முழங்கைக்குள் அதன் கழுத்தை அணைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். கால்கள் நிலைக்காமல் கன்று சரிந்து, எழும்பி, காற்றுக்கு எதிரே போய் நின்றது. நாடாவின் மறுநுனி ஈர மண்ணில் இழுபட்டது. தாயை இழுத்தாள், திரைக்காரி அசையவில்லை.

முனாப் கேற்றடியில், வீட்டுச் சுவரோடு நின்றுகொண்டிருந்தான். யாரோ ஹயர் சவாரிக்குக் கூப்பிட்டிருக்க, த்ரீவீலரை முடுக்கியும் விட்டிருந்தான். லைலா அவனைப் பார்த்தாள். வாய்வரை வந்துவிட்டது. ஆனால் கூப்பிடவில்லை. கூப்பிட்ட குரலுக்கு வந்து செத்ததை நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிற மனிதனை, எந்த வாயால் கூப்பிடுவது? அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே திரும்பவும் கன்றிடம் போனாள்.

த்ரீவீலரின் சத்தம் நின்றது.

முனாப் தொண்டையைச் செருமினான். வாய் திறந்தது, குரல் வரவில்லை. திரும்பவும் செருமினான். பிறகு, அடுத்த வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில், "பா... பா," என்றான்.

திரைக்காரி நக்குவதை நிறுத்தித் தலையைத் தூக்கினாள். குட்டிக் கன்றாகத் தாயின் பின்னால் திடலில் ஏறிய நாளில் கேட்ட குரல் அது. மாட்டுக்கு அதெல்லாம் நினைவில் நிற்குமா என்று யாருக்குத் தெரியும். நடக்கத் தொடங்கினாள். கால் பின்னப் பின்னக் கன்றும் பின்னால் வந்தது. முனாப் ஒரு அடி பின்வாங்கினான், சுவர் தடுத்தது. தாயும் கன்றும் அவனுக்கு முன்னால், சுவரோரம் வந்து நின்றன. அந்த இடத்தில் காற்று இல்லை. அதை முனாப்பும் உணர்ந்திருக்க வேண்டும். தலையை உயர்த்தி, சுவருக்கு மேலால் ஓடுகிற காற்றைப் பார்ப்பதுபோல ஒருதரம் பார்த்தான்.

"கூதலடிக்குது லைலா," என்றான். "கெதியா அள."

லைலா நாடாவைக் கழுத்தடியில் வைத்தாள். முனாப் குனிந்து, மண்ணில் கிடந்த மறுநுனியை எடுத்து, சாரத்தில் துடைத்து, வாலடியில் பிடித்தான். அவள் அளவைப் பார்த்தாள். யாருடைய அளவு என்று இந்த முறை சொல்ல வரவில்லை. வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"எடுத்திட்டன். விடுங்க," என்றாள்.

அவன் விடவில்லை. மற்றக் கையைக் கன்றின் ஈர முதுகில் வைத்து, நாடாவின் நுனியைப் பிடித்தபடியே நின்றான்.